கஞ்சி பதமாகும் நேரம்

பிப்ரவரி 18, புதன்

டாக்டர் மும்தாஜ் ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். எப்போது மாத்திரை, எப்போது கண்ணிமை விழுகிறது, எப்போது குரல் மூக்குக்கு மாறுகிறது, எது தொண்டையில் இறங்க மறுக்கிறது. அவர் கேட்டது இவ்வளவுதான். முப்பது வருடம் வரலாறு நடத்தியவனிடம் நோட்டைக் கொடுத்தால் அதோடு நிற்குமா?

காலை: இமைகள் இரண்டும் மேலே. குரல் கணீர். தோசை மூன்று.

மாலை: இடது இமை பாதி ஷட்டர் இறக்கிய கடை. குரல் சளி பிடித்த தவில். இட்லி ஒன்றரை, அதுவும் பேரம் பேசி.

வியாதியின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். ரோமாபுரித் தளபதியின் பெயர்போல இருக்கிறது. மூளை உத்தரவு போடும். தசை, 'உத்தரவு வந்து சேரவில்லை' என்று உட்கார்ந்துவிடும். எங்கள் கல்லூரி அலுவலகமே அப்படித்தான் நடக்கிறது என்பதால் டாக்டர் விளக்கிய உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஓய்வெடுத்தால் தசை மறுபடி வேலைக்கு வரும். கொஞ்ச நேரம்.

இதற்கெல்லாம் காரணம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியாம். அதில் ஒரு கட்டி. அக்டோபரில் மதுரையில் எலும்பை நடுவில் பிளந்து, சுரப்பியையும் கட்டியையும் எடுத்துவிட்டு, கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். கட்டி போய்விட்டது, வியாதி போகவில்லை. "வருசம் ஒண்ணோ ரெண்டோ ஆகும் சார், பொறுமையா இருங்க" என்கிறார் டாக்டர். என்னைப் பார்த்து யாரும் இதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பாளையங்கோட்டைக்கு இது எதுவும் தெரியாது. பெங்களூரில் மகள் ஷீபா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தோம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். என் மனைவி ரூபவதியும் அதையேதான் சொல்கிறாள். கல்லூரிக்குக் கொடுத்திருப்பது 'ஆய்வு விடுப்பு'. ஆய்வுதான். பொருள் நான்.

பிப்ரவரி 19, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. காலையில் வந்ததால் கையெழுத்து என் கையெழுத்தாகவே விழுந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் ஆலய அறிவிப்புப் பலகையில் புனித வெள்ளிப் பேச்சாளர் பெயர்களை ஒட்டிவிட்டார்கள். ஒட்டியவன் சபைச் செயலாளர் ஞானசிகாமணி. பசையைக்கூட வேறு ஆளிடம் நம்பிக் கொடுக்க மாட்டான்.

புனித வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையிலிருந்து சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரசங்க பீடத்தில் ஏறி விளக்க வேண்டும். எங்கள் சபையில் அந்த ஏழு பேரில் ஒருவனாக இருப்பதற்குப் பத்மஸ்ரீ ஈடில்லை. இத்தனை வருடமாக நான்காம் வார்த்தை என்னுடையது. கைவிடப்பட்டவனின் கூக்குரல். அதை என்னைவிட உணர்ந்து பேசக்கூடிய ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது.

இந்த வருடம் நான்காம் வார்த்தை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாலமோன் பாக்கியத்துக்கு. எனக்கு ஐந்து. தாகத்தைப் பற்றியது. 'தாகமாயிருக்கிறேன்' என்ற ஒரே சொல். அந்த நேரத்தில்தான் பாதிச் சபை பசி மயக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும், மீதிச் சபை பின்கட்டிலிருந்து வரும் கஞ்சி வாசனையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று மணி வரை சபையில் யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படாது. முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சியும் துவையலும். கஞ்சிப் பொறுப்பும் சிகாமணிதான்.

அவனும் நானும் ஒரே வருடம், ஒரே நாள் கல்லூரியில் சேர்ந்தோம். அவன் வேதியியல். துணை முதல்வர் பதவி வந்தபோது வயதில்கூட நான்தான் முன்னால் இருந்தேன். அவன்தான் துணை முதல்வர். மேடையில் நாலு வாக்கியம் கோர்வையாகப் பேச வராது அவனுக்கு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவன், பேச வராது என்ற ஒரே காரணத்தால் இந்தப் பீடத்தை எனக்கு விட்டு வைத்திருந்தான். இப்போது அதிலும் கை வைத்துவிட்டான்.

பேசுவேன். ஐந்தானாலும் பேசுவேன். இந்த ஒரு வருடம் ஏறாவிட்டால் அடுத்த வருடம் வேறொருவன் ஏறுவான். அதற்குப் பிறகு நான் பேச்சாளன் இல்லை, நோயாளி. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

பிப்ரவரி 27, வெள்ளி

தாடையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் மதியச் சாப்பாடு. மீன் பரவாயில்லை. ஆட்டுக்கறி எதிர்க்கட்சி.

சிரிப்பும் போய்விட்டது. கன்னம் மேலே ஏற மாட்டேன் என்கிறது. சிரித்தால் பல்லைக் காட்டி உறுமுவதுபோல் இருக்கிறதாம். மாடி வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தேன். அது தாயின் சேலைக்குள் போய்விட்டது.

"முன்னாடி மட்டும் என்ன சிரிச்சுக்கிட்டேவா திரிஞ்சீங்க?" என்றாள் ரூபவதி. "ஊர்ல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது, விடுங்க."

மார்ச் 4, புதன்

ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கும் நல்ல பேச்சு கொஞ்சம்தான். காலை மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததிலிருந்து பன்னிரண்டரை மணி வரை. அதை யார் யாருக்குச் செலவிடுவது என்று யோசித்துத்தான் வாய் திறக்கிறேன். இன்று அலைபேசிக் கம்பெனிப் பெண்ணுக்குக் கொஞ்சம், பால்காரருக்குக் கொஞ்சம், தெருவில் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்களுக்கு நிறைய. ரூபவதிக்கு மிஞ்சவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ரேடியோவைப் போட்டுக்கொண்டாள்.

சிகாமணி போன் பண்ணினான்.

"வேய் ஜோதிராஜ், அஞ்சாம் வார்த்தை சம்மதந்தான? மாத்தணும்னா இப்பமே சொல்லும்."

"எதுக்கு மாத்தணும்? என்னால முடியாதுன்னா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்ல வேற செய்யணுமாக்கும்."

"சரி. பேசும். நல்லாப் பேசும்" என்று வைத்துவிட்டான். எவ்வளவு ஏளனம் பாருங்கள், அந்த 'நல்லா'வில்.

மார்ச் 9, திங்கள்

மதுரைக்கு டாக்டரிடம் போனோம். கையை நீட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார், மேலேயே பார்க்கச் சொன்னார், ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். மூச்சை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். குறித்துக்கொண்டார். பாஸா ஃபெயிலா என்று சொல்லவில்லை.

"தண்ணி, மோர், காப்பி, இதெல்லாம் சாயங்காலம் பாத்துக் குடிங்க சார். தண்ணியா இருக்கிறதுதான் உள்ள போற வழிய விட்டுட்டு மூச்சுக்குழாய்க்குப் போகும். கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லது."

"பட்டினி கிடக்கலாமா?" என்று கேட்டாள் ரூபவதி. நான் கேட்கவில்லை.

"மாத்திரையைச் சாப்பாட்டோடதான் போடணும். வெறும் வயித்துல போட்டா வயித்தப் புரட்டும். போடாம விட்டா..." டாக்டர் என்னைப் பார்த்தார். "விடக்கூடாது சார். மூச்சு விடுறதும் தசைதான்."

வரும் வழியில் பஸ்ஸில் ரூபவதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினோம். என்னால் மெல்ல முடியாது என்று தெரிந்தும் வாங்கினேன். வாசனை நன்றாக இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

காலை ஆராதனை நீண்டுவிட்டது. பார்வை இரண்டாகப் பிரிந்தது. காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு இரண்டு சிகாமணிகள் வந்தார்கள். ஒருவனே அதிகம். எந்தத் தட்டில் போடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் போட்டேன். அவன் தட்டை நகர்த்திப் பிடித்துக்கொண்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகிவிடும். மூடினேன். கிருபை டீச்சர் நான் கண்ணடித்ததாக நினைத்திருப்பாரோ என்று இப்போது பயமாக இருக்கிறது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் செயலாளர் அவர்.

பீடத்துக்குள் ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். உயரமான முக்காலி, உட்கார்ந்தாலும் மைக் எட்டும். யார் போட்டது என்று கேட்டேன். "செயலாளர் ஐயாதான்." நான் நிற்கத் தெரியாதவன் என்று ஊருக்கு அறிவிக்கிறான். இவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்? ஒன்றும் தெரியாது. பொதுவான கெட்ட எண்ணம்தான்.

மார்ச் 20, வெள்ளி

சட்டையைக் கொடியில் போடக் கை எழவில்லை. வெயிலில் நாற்காலிமேல் போட்டேன். காய்ந்துவிட்டது. கொடி எதற்கு?

மார்ச் 24, செவ்வாய்

மொட்டை மாடியில் ஒத்திகை. காலையில் பேசிப் பார்த்தால் பிரமாதம். புறாக்கள்கூட உட்கார்ந்து கேட்டன. மதியம் ஒன்றரைக்குப் பேசிப் பார்த்தேன். மாத்திரை போட்டிருந்தால் சமாளிக்கலாம். போடாமல் பேசிப் பார்த்தேன்.

கீழே வந்து மின்விசிறியைத் துடைக்கச் சொன்னேன் ரூபவதியை. தூசி அதிகம்.

மார்ச் 30, திங்கள்

ராத்திரிச் சாப்பாட்டில் மோர் மூக்கு வழியாக வந்தது. கொஞ்சம் இருமல். ரூபவதி முதுகைத் தட்டினாள். அவ்வளவுதான். இதை டாக்டருக்காக எழுதுகிறேன். அவள் அழுததை டாக்டருக்காக எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

சண்டை. காலையில்தான், குரல் நன்றாக இருக்கும்போது.

"நாளைக்கு மத்தியான மாத்திரைக்கு ரெண்டு பிரெட்டு எடுத்து வச்சுருக்கேன். பன்னெண்டரைக்குப் பாட்டுப் பாடும்போது வெளிய வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"மொத்தச் சபையும் உபவாசம் இருக்கு. அஞ்சாம் வார்த்தை பேசுறவன் பின்கட்டுல நின்னு பிரெட்டு திங்கானா? தாகத்தப் பத்திப் பேச வயித்த நெரப்பிட்டுப் போகவா?"

"ஆண்டவர் உங்கட்ட பட்டினி கேட்டாரா?"

"சிகாமணி பாத்துக்கிட்டு இருப்பான்."

"அப்போ பட்டினி ஆண்டவருக்கா, சிகாமணி சாருக்கா?"

இந்த மாதிரிக் கேள்வியை என் மாணவன் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். மனைவி கேட்டதால் எழுந்து வந்துவிட்டேன். காலை மாத்திரையை இட்லியோடு போட்டுவிட்டு மூன்று மணி வரை தாங்கிவிடலாம். நடுவில் ஒன்றை விடுவதால் உலகம் அழியாது.

ஏப்ரல் 3, புனித வெள்ளி

எழுத முடியவில்லை. பேனா தனியாகப் போகிறது.

ஏப்ரல் 4, சனி

காலை. கை என்னுடையது. நேற்று நடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

முதல் மூன்று வார்த்தைகளும் ஒழுங்காகப் போயின. நான்காவதில் சாலமோன் பாக்கியம் சார் தன் சர்வீஸ் முழுவதையும் சொல்ல ஆரம்பித்தார். எந்தெந்தப் பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது என்று வரிசையாக. போதகர் இரண்டு தடவை இருமினார். மூன்றாவது தடவை கைக்கடிகாரத்தைத் தட்டினார். அப்போதும் சார் இன்னும் நாங்குநேரியைத் தாண்டவில்லை. உட்கார்ந்திருந்த எனக்கே கழுத்து கனக்க ஆரம்பித்தது. விரலால் தாடையை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். தியானம் என்று நினைத்திருப்பார்கள்.

என் முறை. படிகளில் ஏறினேன். ஏறியதே ஒரு பிரசங்கம். முக்காலியைத் தள்ளிவிட்டு நின்றேன்.

ஆரம்பம் அருமை. சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் அருமை. பாலைவனம், கிணறு, சமாரியப் பெண் என்று கொண்டுபோனேன். சபை நிமிர்ந்தது. அப்புறம் மறுபடி 'கிணறு' என்று சொல்ல வாயெடுத்தேன், அது மூக்குக்குள் போய் விழுந்தது. நாக்கு யாரோ கழற்றி வைத்த செருப்புபோல வாய்க்குள் கிடந்தது. இடது இமை விழுந்தது, கொஞ்ச நேரத்தில் வலதும். இமையை விரலால் தூக்கிப் பிடித்தால் தாடை தொங்கியது. தாடையைப் பிடித்தால் இமை. எனக்கு இரண்டு கைகள்தான். தலை மார்பில் விழப் பார்த்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. இன்னும் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் என்று முயன்றேன். ஒலிதான் வந்தது. மைக் அதையும் விடாமல் எல்லா மூலைக்கும் கொண்டுபோனது.

அப்புறம் அதுவும் நின்றது.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு மேலேயே நின்று கீழே இறங்க யோசித்தது. தண்ணீர் என்று சொல்லப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பக்கக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டியில் கரியோடு சிகாமணி வந்தான். கையில் எவர்சில்வர் டம்ளர், ஆவி பறந்தது. மறு கையில் கரண்டி. அவசரப்படவில்லை. பீடத்துக்குள் வந்து, நான் தள்ளி வைத்த முக்காலியைக் காலால் இழுத்து, என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"பேசாதீரும். தலையக் கொஞ்சம் குனியும். ம். முழுங்கும்."

கஞ்சி. தண்ணீர் இல்லை, நன்றாகக் குழைந்த கஞ்சி, உப்புப் போட்டது. கால் கரண்டி. காத்திருந்தான். இன்னொரு கால் கரண்டி. மொத்தச் சபையும் உபவாசம் இருக்க, பீடத்தின்மேல் உட்கார்ந்து துணை முதல்வர் கையால் நான் சாப்பிட்டேன். மூன்றாவது கரண்டியில் மாத்திரையும் இருந்தது. பொடித்துக் கலந்திருந்தான், ரூபவதி அவசரத்துக்குக் கொடுத்திருப்பாள். கசந்தது. முழுங்கினேன்.

பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். வாய் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவனுக்கு எப்போதுமே அப்படித்தான். கடைசியில், "அஞ்சாம் வார்த்தை இவ்வளவுதான். பாட்டுப் பாடுவோம்" என்றான்.

பாடினார்கள். முன்வரிசையில் நிறையப் பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டே பாடினார்கள். அவன் என்னை இறக்கி உடை மாற்றும் அறையில் பெஞ்சில் சாய்த்துவிட்டுக் கஞ்சி அடிப்பிடித்துவிடும் என்று ஓடினான். ரூபவதி விசிறினாள். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் மூச்சு சொன்ன பேச்சைக் கேட்டது. டாக்டரை போனில் கூப்பிட்டாள். டாக்டர் என்னைத் திட்டியது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்று காலை சென்னையிலிருந்து ஒரு போன். புனித வெள்ளிக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தவராம், நேற்றே ஊர் திரும்பிவிட்டாராம்.

"சார், என்ன தத்ரூபம்! எத்தனையோ சபையில கேட்டிருக்கேன், இப்படி நடிச்சுக் காட்டி யாரும் பேசினதில்ல. அந்தக் குரல் அப்படியே வத்திப்போறது, கண்ணு சொருகுறது, ஒருத்தர் வந்து ஊட்டுறது... ஒத்திகை பாத்தீங்களா?"

நான் ஒரு கணம்தான் யோசித்தேன்.

"கொஞ்சம்" என்றேன்.

போனை வைத்த பிறகு வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்! அப்படியானால் நான் விழவில்லை. பீடம் என்னுடையதுதான். ரூபவதியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஒடித்தாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. மாத்திரையும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். முடிந்ததும் வாசலில் ஆள்மேல் ஆள் வந்து கையைப் பிடித்தார்கள். "சார், இந்த மாதிரி அஞ்சாம் வார்த்தை கேட்டதேயில்ல." "மறக்கவே மாட்டோம் சார்." நான் அடக்கமாகத் தலையை அசைத்தேன். சிரிக்கவில்லை. குழந்தைகள் நின்றன.

கிருபை டீச்சர் வந்தார். "எப்படி இருக்கீங்க சார்?"

"எனக்கென்ன டீச்சர்? அது ஒரு உத்தி. சொல்லால் சொல்ல முடியாததை உடலால் சொல்வது. மேல்நாட்டில் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள்."

டீச்சர் ரூபவதியைப் பார்த்தார். ரூபவதி கோபுரத்தைப் பார்த்தாள்.

"நல்ல உத்தி சார்" என்றார் டீச்சர். "அடுத்த தடவ செய்யும்போது மட்டும் மத்தியான மாத்திரையப் போட்டுட்டுச் செய்ங்க."

சுற்றி நின்ற ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. 'என்ன மாத்திரை' என்று ஒரு ஆளாவது கேட்டிருக்க வேண்டாமா? சாலமோன் பாக்கியம் சார், "ஆமா சார், அத மட்டும் விடாதீங்க. நானும் அன்னைக்குக் கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்கிடணும்" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

எல்லாருக்கும் தெரியும். அக்டோபரிலிருந்து தெரியும். வியாழக்கிழமை தோறும் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் என் பெயர். என் தைமஸ். என் இடது இமை தனியாக. நான் பெங்களூர்க் கதை சொல்லும்போதெல்லாம் ஊரே, "அங்க குளிரா சார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ஒருவர் முகத்தில்கூட ஒரு கோடு அசையவில்லை. நடித்தது யார் என்று இப்போது புரிகிறது.

காலை முழுவதும் ரூபவதியிடம் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்தித் தீர்ந்து குரல் தேய்ந்த பிறகு பேசினாள். காத்திருந்திருக்கிறாள்.

"உங்கள உள்ள கொண்டு போய்ட்டாங்க. நெஞ்சப் பொளக்கப் போறாங்கன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. ஷீபா வர ராத்திரி ஆகும்னுட்டா. நான் அந்த வராண்டாவுல ஒத்தைல உக்காந்திருந்தேன். யார்ட்டயாவது சொல்லணும்லா? நீங்க சொன்ன பொய்யக் கையில வச்சுக்கிட்டு நான் எவ்வளவு நேரம் உக்காந்திருப்பேன்?"

"கிருபை டீச்சர்கிட்ட சொன்னே."

"டீச்சர்ட்ட அப்புறம் சொன்னேன். மொதல்ல சிகாமணி சாருக்குத்தான் போன் பண்ணுனேன். பாளையங்கோட்டைல இருந்து பஸ்ஸ புடிச்சு மத்தியானத்துக்குள்ள வந்துட்டாவ. கட்டிய எடுத்தாச்சுன்னு டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் எந்திரிக்கல. நீங்க கண்ணு முழிக்கதுக்கு முன்னால போய்ட்டாவ. 'என்னப் பாத்தா தையல் பிரிஞ்சிரும்மா'ன்னு சொல்லிட்டுப் போனாவ."

எனக்கு அதற்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. வியாதிதான் காரணம் என்று குறித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

நானே கூப்பிட்டேன். காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன், குரல் நன்றாக இருக்கும் என்பதால். கல்லூரியில் வேலை என்று சாயங்காலம்தான் வந்தான். இதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

முன்னறையில் உட்கார்ந்தோம். ரூபவதி அவனுக்குக் காப்பியும் எனக்குச் சவ்வரிசிக் கஞ்சியும் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றாள், வளையல் சத்தம் கேட்டது.

"ஏன் எனக்கு அஞ்சாவது போட்டீரு?" என்றேன். "ரூபவதி உம்மகிட்ட முதல் வார்த்தை கேட்டாளாமே. பன்னெண்டு மணிக்கு எனக்குக் குரல் இருக்கும்னு சொன்னாளாமே. வேணும்னுதான மாத்துனீரு?"

"வேணும்னுதான்" என்றான் சிகாமணி.

"ஒத்துக்கிடுதீரா!"

"முதல் வார்த்தை தந்திருந்தா பிரமாதமாப் பேசியிருப்பீரு. எல்லாரும் கைய புடிச்சிருப்பாங்க. அப்புறம் கீழ வந்து மூணு மணி வரைக்கும் அந்தப் பெஞ்சுல உக்காந்திருப்பீரு. மாத்திரை போட மாட்டீரு. நான் பாத்துக்கிட்டு இருப்பேம்லா, எப்படிப் போடுவீரு? ரெண்டு மணிக்குத் தலை தொங்கியிருக்கும். ஜெபம் பண்ணுதாருன்னு நெனச்சு ஒரு பயலும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான்." காப்பியை ஊதிக் குடித்தான். "மேல நின்னா எல்லாரும் பாப்பாங்க. அதுவும் கஞ்சி ஒன்றரை ஒண்ணே முக்காலுக்குத்தான் கொழைஞ்சு பதமா வரும். அதுக்கு முன்னாடி பருக்கை நிக்கும், உமக்குத் தொண்டைல மாட்டும். வேற எந்த வார்த்தையும் ஒத்து வரல. கணக்குப் போட்டுத்தான் போட்டேன்."

"நான் மாத்திரை போட மாட்டேன்னு அவ்வளவு நிச்சயமா உமக்கு?"

"உம்ம எனக்கு முப்பது வருசமாத் தெரியும் வேய்."

நான் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். இரண்டு நாளாக வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். துணை முதல்வர் பதவியில் ஆரம்பித்தேன். நேர்காணல் அறைக்குள் அவன் எனக்கு முன்னால் கூப்பிடப்பட்டதைச் சொன்னேன். அதன் பிறகு சொல்ல வேண்டியது வந்தபோது ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாக்கு படுத்துவிட்டது. கையை ஆட்டினேன். பலனில்லை. மூன்று நான்கு தடவை அதே வாக்கியத்தை ஆரம்பித்தேன். அது என்ன என்று எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன்.

சிகாமணி காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"சிரமப்படாதீரும். நீரு என்ன சொல்லுவீருன்னு எனக்குத் தெரியும். நானே சொல்லிக்கிடுதேன்."

சொன்னான். மேடையில் நாலு வாக்கியம் பேசத் தெரியாதவன், என் முன்னறையில் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டினான். என் குரலில், என் இழுப்பில், என் வார்த்தைகளில். "ஏன்வே சிகாமணி, பொன்விழா மலர்ல என் கட்டுரைய எட்டாம் பக்கத்துல போட்டுட்டு உம்ம போட்டோவ அட்டைல போட்டீரே, வெக்கமா இல்ல?" அப்புறம் தன் குரலில், "அட்டைல போட்டது பிரஸ்காரன், நான் இல்ல வே." மறுபடி என் குரலில், "பொய் சொல்லாதீரும், புரூஃப் நீருதான பாத்தீரு?" "பாத்தேன். நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்." தென்காசிச் சுற்றுலாவில் பஸ்ஸில் முன் சீட்டை அவன் பிடித்தது, விடுதி நாள் விருந்தில் என்னைச் சைவப் பந்தியில் உட்கார வைத்தது, என் இருபத்தைந்தாவது பணியாண்டுப் பாராட்டுக் கூட்டத்தில் தூங்கியது. ஒவ்வொன்றையும் நான் எந்த வருடத்தோடு சொல்வேனோ அந்த வருடத்தோடு சொன்னான். ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் போதாது என்று தோன்றியது. விரலை உயர்த்திக் காட்டினேன். "சரி, இன்னும் கொஞ்சம் சூடா" என்று அதைத் திரும்பச் சொன்னான். இப்போது சரியாக இருந்தது.

உள்ளே வளையல் குலுங்கியது. அவள் சிரித்தாளா, வேறு என்னவா என்று பார்க்கவில்லை. என் கன்னம் மேலே ஏறப் பார்த்தது. உறுமுவதுபோல்தான் இருந்திருக்கும். அவன் பயப்படவில்லை.

எல்லாம் சொல்லி முடித்து, "இவ்வளவுதான? விட்டுப்போச்சா?" என்று கேட்டான். இல்லை என்று தலையசைத்தேன். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில், என் தலைமுடியைப் பற்றி அவன் சொன்னது. அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. இன்று காட்டவில்லை. அதை நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

வாசலில் அவன் செருப்பைப் போடும்போது, காலை என்று சைகை காட்டினேன். விரலால் ஒன்பது காட்டினேன். புரிந்துகொண்டான்.

"வாரேன்" என்றான். "மாத்திரையப் போட்டு வையும்."